முகமூடி இல்லாத சோதனை

அமோனியா ஆலையில் வாயுக்கசிவு சென்சார்களைப் பொருத்துபவர், நிஜமான கசிவின் நடுவே முகமூடி இல்லாமல் நின்று அவற்றைச் சோதிக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். அன்று பெல்சிட்டாவின் முறை. அதே ஆலையில் நுரையீரலைப் பறிகொடுத்த அவளுடைய அப்பா, "வேண்டாம் மக்கா" என்று வாசலில் கெஞ்சினார்.

"நான் மாட்டுன சென்சாரை நானே நம்பலன்னா வேற யாருப்பா நம்புவா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வால்வு திறந்தது. நெடி மூக்கைத் தொடுவதற்குள் சென்சாரின் சிக்னல் இரும்புச் சுவர்களைத் தாண்டி, ஆலையின் இயந்திரங்களுக்கு உத்தரவு அனுப்பும் கேட்வே கருவியை எட்டிவிட்டது. எந்த அதிகாரியையும் கேட்காமல் ஆலை முழுவதும் தானாக நின்றது. கதவுகள் திறக்க, கடற்காற்று உள்ளே பாய்ந்தது.

சிரித்தபடி ஓடி வந்தவளை அப்பா கட்டிக்கொண்டார்.

"எம் பிள்ளைக்காக ஆலையே நின்னுட்டுல்லா!" என்று, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார்.