முதல் ஆள்

தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் போய்ப் பார்க்கும் நர்ஸுக்காக நான் எழுதிய ஆப் அது.

“சார், டேட்டாபேஸ் பதினோரு பேரைக் குடுக்குது. ஆப்ல பத்துப் பேர்தான் தெரியுறாங்க,” என்றாள் ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர்.

திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். ஆப் பெயர்ப் பட்டியலின் முதல் வரியைத் தாண்டி, இரண்டாவதிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. இருபது நாளாக.

நர்ஸுக்குப் போன் போட்டேன்.

“நான் ஒரு நாள்கூட லீவு போடலையே தம்பி. லிஸ்ட்ல இருக்கிற பத்து வீட்டுக்கும் போயிட்டுத்தான் வர்றேன்.”

டெஸ்டர் என் முகத்தைப் பார்த்தாள். “விடுங்க சார். விட்டுப்போனது யாரா இருந்தாலும், பெத்த பிள்ளையாவது ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கும்.”

கேட்கவில்லை. நர்ஸ்தான் தினமும் போகிறாரே என்று இருந்துவிட்டேன்.

ஆப் தயாரான அன்று, ஆசை ஆசையாக முதல் ஆளாய் நான் சேர்த்தது அம்மாவைத்தான்.