பதினேழாவது கேள்வி

செவ்வாய் கிரகத்துக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு எங்கள் கம்பெனி ஜோடி விளக்கு விற்கிறது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அவரவர் பொத்தானை அவரவர் அழுத்தினால், இங்கே சிவப்பு எரிந்த அன்று அங்கே பச்சைதான் எரியும். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, இது தொடர்பான சந்தேகங்களைப் போனில் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய நாற்பதாவது அழைப்பு, திருமங்கலம் செல்லக்கிளி அக்கா.

"தம்பி, நாலு மாசமா அவருகிட்டேருந்து தகவலே இல்ல. ஆனா இன்னிக்கு எனக்குச் சிவப்பு எரிஞ்சுது. அப்ப உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்?"

கையேட்டில் இது பதினேழாவது கேள்வி. பதிலை வாசித்தேன்.

"இல்லக்கா. அங்க யாரும் அழுத்தலைன்னாலும் உங்க விளக்கு எரியும். இதுல சேதி எதுவும் போகாது, வராது. சோதனை பண்ணி நிரூபிச்சாச்சு."

"சோதனை பண்ணவங்க வீட்டுல யாராச்சும் செவ்வாய்க்குப் போயிருக்காங்களா?"

கையேட்டில் பதினெட்டாவது கேள்வியைப் பார்த்தேன்; அது பேட்டரி மாற்றுவது பற்றியது.

"சரி தம்பி, நான் இங்க அழுத்தலைன்னாலும் அவருது எரியும்ல?"

"அவர் அழுத்தினா எரியும்."

"அப்பாடா. அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன், அழுத்த முடியாது. எரியலைன்னா மனுஷன் பயந்துருவாரு."

ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு வைத்தார்.