சந்து மாடிக் கடை

பெரிய தெருவிலிருந்து இந்தச் சந்து மாடிக்குக் கடையை மாற்றியதிலிருந்து மிக்ஸி பழுதுபார்ப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். மனைவி போன வாரம்தான் கடையின் பெயரையும் படத்தையும் வழியையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயிலில் திருப்புளிகள் மினுங்குகின்றன. படிக்கட்டில் செருப்புச் சத்தம். "நீங்கள் வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்கிறது ஒரு கைபேசிக் குரல். மிக்ஸியைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். திரையைப் பார்க்கிறாள், அவர் முகத்தைப் பார்க்கிறாள், சிரித்துவிடுகிறாள். "கடைப் படத்துல கொட்டாவி விடறது நீங்கதானே?" அவர் மனைவியை முறைக்கிறார். "வேற படமே கிடைக்கலையா உனக்கு?" மேசையைத் துடைத்தபடியே அவள், "நீங்க வாய மூடியிருக்கற படம் ஒண்ணுகூட இல்லைங்க" என்கிறாள்.

திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. மோட்டாருக்குள் தேய்ந்துபோன கரித்துண்டை மாற்றி அவர் குமிழைத் திருப்ப, மோட்டார் உறுமுகிறது. மேசைமேல் கிடந்த திருகாணிகள் சேர்ந்து அதிர்கின்றன. இரைச்சல் ஓய்ந்ததும், "இங்கதான் காட்டுது, கடையக் காணோமே" என்று கீழே சந்தில் யாரோ புலம்புவது கேட்கிறது. கணவனும் மனைவியும் எழுந்திருப்பதற்குள் அந்தப் பெண் ஜன்னலுக்கு ஓடிக் கை ஆட்டுகிறாள். "மேல ஏறி வாங்க! நம்ம கடை இங்கதான் இருக்கு!"