ஏழு வயசு ஆகட்டும்

"ஏழு வயசு ஆகட்டும்லா. அப்புறம் கூட்டிட்டுப் போறேன்."

பிச்சைமுத்து போன வருஷமும் இதையேதான் சொன்னான். ஈப்போவில் பள்ளி விடுமுறைக்கு ஃபன் ஃபேர் வந்துவிட்டது. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்வந்து ராட்டினக் கதை பேசிக்கொண்டிருந்தது.

நவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஞ்சு வயசு பத்தாதா? எங்கப்பா என்னை அஞ்சு வயசுலதான் தூக்கிட்டுப் போனாரு."

"பத்தாது."

"ஏன் பத்தாது?"

பிச்சைமுத்து மகளைக் கூப்பிட்டான். "பாப்பா, இங்க வா. உன் பேரு என்ன?"

"தமயந்தி."

"அப்பா பேரு?"

"அப்பா."

"பேரு சொல்லும்மா."

"அப்பாதான்."

"நம்ம வீடு எந்தத் தோட்டத்துல இருக்கு?"

"நம்ம தோட்டத்துல."

பிச்சைமுத்து மனைவியைப் பார்த்தான். "பாத்தியா?"

"பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனாக்கூட பெரிய வாத்தியாரு இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாருலா! ராட்டினத்துல ஏறிச் சுத்துறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

அவன் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் மெல்லக் கேட்டான்: "நீ போன கதையைச் சொல்லு."

எத்தனை தடவை கேட்டாலும் நவமணிக்கு அலுக்காது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனது, சாயம் பூசிய மரக்குதிரைகள், தனக்குக் கிடைத்த குதிரைக்கு ஒரு காது உடைந்திருந்தது, பெரிய ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் பக்கத்தில் வந்து நின்றது, சாயப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் தின்று நாக்கு ரோஸ் நிறமானது, அப்பா "நாக்கைக் காட்டு, நாக்கைக் காட்டு" என்று வழியெல்லாம் சிரித்தது.

பிச்சைமுத்து கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ குதிரையில சுத்தறப்ப உங்கப்பா கீழேயே நின்னாரா?"

"பின்ன? எங்க போவாரு?"

"நீ எறங்கற வரைக்கும்?"

"எறங்கற வரைக்கும்தான். ஏங்க, மாமாவும் அத்தையும் உங்களைக் கூட்டிட்டுப் போனதே இல்லையா?"

அவளுடைய மாமனார் சன்னாசியும் மாமியார் கருப்பம்மாளும் ஒரே பிள்ளையென்று இவனை உள்ளங்கையில் வைத்து வளர்த்தவர்கள். இருவரும் இப்போது இல்லை.

"கூட்டிட்டுப் போனதில்ல" என்றான் பிச்சைமுத்து. "ஈப்போ பக்கமே விடமாட்டாங்க."

இரண்டு வருஷம் ஓடியது. இதற்குள் அவன் மகளுக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தான். பேர், அப்பா பேர், அம்மா பேர், தோட்டத்தின் பேர், மூன்றாவது லயம், பதினாலாம் நம்பர் வீடு. குளிக்கும்போது ஒருதரம், தலைவாரும்போது ஒருதரம். ஒருநாள் தமயந்தி எங்கும் தடுக்காமல் கடகடவென்று ஒப்பித்தாள். மலாயில் கேட்டால் மலாயிலும் சொன்னாள்.

"சரி. ஞாயித்துக்கெழம போலாம்" என்றான்.

ஃபன் ஃபேரில் தலைக்கு மேல் தலை. பிச்சைமுத்து மகளின் கையை விடவே இல்லை. குதிரை ராட்டினத்துக்கு வந்தபோது பிள்ளையின் மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

"கையை விடுங்கலா! இல்லாட்டி புள்ள எப்படிக் குதிரையில ஏறும்?"

விட்டான். தமயந்தி ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டினாள். நவமணிக்குத் தன் அப்பா ஞாபகம் வந்து கண் கலங்கியது. ராட்டினம் நின்றது. பிள்ளைகள் நாலாபக்கமும் இறங்கினார்கள். வெள்ளைக் குதிரை காலியாக இருந்தது.

"தமயந்தி!"

அந்தப் பக்கமாக இறங்கியிருக்கிறாள். சுற்றி ஓடிப் பார்த்தால் அங்கே வேறு யார் யாரோ பிள்ளைகள்.

"வாங்க, தேடலாம்!" என்று நவமணி கணவனை இழுத்தாள்.

பிச்சைமுத்து அசையவில்லை. ராட்டினத்தின் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ போய்ப் பாரு. நான் இந்த எடத்தை விட்டு வரமாட்டேன். அவ திரும்பி வந்தா இங்கதான் வருவா. வர்றப்ப நான் இருக்கணும்."

நவமணி அழுதுகொண்டே கூட்டத்துக்குள் ஓடினாள். பத்து நிமிஷம் இருக்கும். ஒலிபெருக்கியில் பாட்டு நின்று மலாயில் ஒரு குரல் வந்தது. சிறுமி ஒருத்தி டிக்கெட் கொட்டகையில் இருக்கிறாள். பெயர் தமயந்தி. தகப்பன் பெயர் பிச்சைமுத்து. கோப்பெங், தோட்டத்தின் பெயர், மூன்றாவது லயம், வீட்டு நம்பர் பதினாலு.

அவர்கள் போனபோது அவள் மேசைமேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த ஐஸைச் சப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, எல்லாம் சரியா சொல்லிட்டேன்!"

பிச்சைமுத்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

நவமணிக்குக் கூச்சமாகிவிட்டது. "அதான் கெடைச்சுட்டாளே! பத்து நிமிசத்துக்கு ஆம்பளை இப்படியா அழுவுறது? எழுந்திருங்க."

"இவ கெடைச்சுட்டா நவமணி" என்றான் அவன். "நான்தான் இன்னும் கெடைக்கல."

"என்னங்க சொல்றீங்க?"

"நாலு வயசுல இதே ஈப்போவுலதான், ஒரு ஃபன் ஃபேர்ல தொலைஞ்சு போனேன். சன்னாசியப்பா போலீஸ் ஸ்டேசனுக்குத் தூக்கிட்டுப் போனாரு. அவங்க கேட்டது ஒண்ணுத்துக்கும் எனக்குச் சொல்லத் தெரியல. கடைசியில அவரே தூக்கிட்டு வந்து வளர்த்தாரு. பிச்சைமுத்துங்கறதுகூட அவரு வச்ச பேருதான். எங்க வீட்டுல என்னை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது."