காற்று சாதகம்

தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய கல்லூரி. மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை பெஞ்சுகள்மேல் சாய்த்திருக்கிறது. தீபா கையில் ஜெராக்ஸ் தாள்களோடு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனின் பயணக் குறிப்பை நடத்துகிறாள். புயல் வரும் இடத்தில் வழக்கம்போல, "இது அஞ்சு மார்க், அண்டர்லைன் பண்ணிக்கோங்க" என்கிறாள். நாற்பது ஸ்கேல்கள் ஒன்றாகத் தாளில் படிகின்றன. அடுத்த வரியில் அவள் எந்த வருஷமும் நின்றதில்லை. 'மாலையில் இந்தியக் கூலியாள் ஒருவன் கடலில் விழுந்தான். காற்று சாதகம்.' ஆள் விழுந்ததற்கெல்லாம் மார்க் கிடையாது. தாளைத் திருப்பப் போகிறாள்.

"அவர் பேரு என்ன மேடம்?"

மூன்றாவது பெஞ்சில் ரூக்சார். அவளுடைய அத்தா சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். பதினோரு நாளாக போன் இல்லை என்று காலையில்தான் சொன்னாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார்கள். தீபா முன்னும் பின்னும் புரட்டித் தேடுகிறாள். கப்பலில் செத்துப்போன ஆட்டுக்குக்கூடப் பெட்ஸி என்று பேர் போட்டிருக்கிறது.

"எழுதல, ரூக்சார்."

மின்விசிறி கிறீச்சிடுகிறது. ரூக்சார் அந்த வரியின் அடியில் ஸ்கேலை வைத்து மெதுவாகக் கோடு இழுக்கிறாள்.

மணியடிக்க ஐந்து நிமிஷம். தீபா வருகைப் பதிவேட்டைத் திறக்கிறாள். நேரம் மிச்சமாகும் என்று நான்கு வருஷமாக நம்பர் சொல்லியே கூப்பிடுகிறவள், "ஒன்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அகல்யா" என்கிறாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அகல்யாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாகிறது.