தோர்பெக் வீசிய பாட்டில்

"போன வாரம் அந்தக் கருங்கல் மேட்டுல சைக்கிள் சீட்டை விட்டு எழுந்திரிக்காமலே ஏறினான். மூச்சுகூட வாங்கல. இது மனுஷன் செய்ற வேலையா மாப்ள? எல்லாம் ஊக்கமருந்து ஊசி!" என்று கொதித்தார் கெரோல்ஃப்.

தங்கை கணவர் லீவன் உருளைக்கிழங்கு வறுவலைக் கீழே வைத்தார். "தோர்பெக்கை அப்படிச் சொல்லாதீங்க மச்சான். நூறு தடவை சோதிச்சாச்சு, ஒண்ணும் சிக்கல. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அவன்தான் சாம்பியன்."

"ரெண்டே வருஷம். மாட்டுவான், பட்டத்தையெல்லாம் பிடுங்குவாங்க. அவன் பாட்டில்ல இருக்கிறது வெறும் தண்ணின்னா நினைக்கிற? நம்மளை முட்டாளாக்குறான்!"

"அவ்வளவு ஆத்திரம்னா வீட்லயே இருந்திருக்கலாமே? பந்தய வீரர்கள் குடிச்ச பாட்டிலை வீசுற இந்த ரோட்டோரத்துலதான் நிக்கணும்னு காலையிலேர்ந்து அடம்பிடிச்சது யாரு?"

கெரோல்ஃப் பதில் சொல்வதற்குள் சைக்கிள்கள் சீறி வந்தன. முதலில் வந்த தோர்பெக் பாட்டிலை வீசிவிட்டுப் பறந்தான். அது புல்லில் உருண்டது. ஆளாளுக்கு ஓடினார்கள். ஐம்பத்தெட்டு வயது கெரோல்ஃப் குப்புறப் பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பாதி இருக்கு!" என்று மூடியைத் திறந்தார்.

லீவன் பதறினார். "ஐயோ, மருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க? குடிக்காதீங்க!"

"சும்மா இரு மாப்ள. நாளைக்கு எங்க சைக்கிள் கிளப் பந்தயம். மூணு வருஷமா நான்தான் கடைசி."

கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. தோர்பெக் போன திசையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"ஏமாத்துக்காரப் பயலே! வெறும் தண்ணியாடா இது?"