கல்லுக்குண்டும் நோஞ்சானும்

"அவளை நடக்க வெக்காதீங்க டாக்டர். தாங்கமாட்டா" என்றாள் அம்மா.

ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தவள் தங்கை. இரட்டையரில் பத்து நிமிடம் இளையவள். பிறந்த அன்றே இதயத்தில் ஓட்டை என்றார்கள். கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஓடாதே, குதிக்காதே, சத்தமாகச் சிரிக்காதே என்பதுதான் இருபத்தாறு வருட வைத்தியம். வந்தவர் போனவரெல்லாம் 'நோஞ்சான், பாவம்' என்று உச்சுக் கொட்டினார்கள். மாடிப்படி ஏறினாலே அவளுக்குக் கண் இருட்டும்.

அக்கா இருக்கிறாளே, அவள் நேர் எதிர். 'இது கல்லுக்குண்டு, இதுக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். காய்ச்சல் அடித்தாலும் குளத்தில் இறங்கிவிடுவாள்.

தங்கைக்குத் தபால் பட்டுவாடா வேலை கிடைத்திருந்தது. இதயம் நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேரலாம். நாளை கடைசி நாள். ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அழுது அடம்பிடித்து அக்காவை இழுத்து வந்திருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றபடியே அம்மாவும் வந்திருந்தாள்.

டாக்டர் திரையை இரண்டு முறை பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை, தானாகவே மூடியிருக்கலாம், தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார்.

தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"பெரியவளையும் ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்."

"எனக்கு எதுக்கும்மா?"

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "பொறந்த அஞ்சாம் நாள் குளிப்பாட்டுறப்ப, ரெண்டு பேர் கையில இருந்த ஆஸ்பத்திரி அட்டையும் கழண்டு தண்ணியில விழுந்துடுச்சு. மாமியார் திட்டுவாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல. மெதுவா அழுததுதான் சீக்குப் பிள்ளைன்னு நெனச்சு, அதுக்குச் சின்னவ அட்டையை நானா கட்டிட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டேதான் மேஜையில் படுத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஓட்டை இதோ, இங்க இருக்கு."

அன்று காலையில்தான் நீச்சல் குளத்தை நாற்பது முறை கடந்துவிட்டு வந்திருந்த அக்காவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சுத் திணறியது.